முதல் சீசனா, எட்டாவது ஆண்டா? லைப்சிக்கின் 2016-17

2016 செப்டம்பர் 10. ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீகான புண்டஸ்லிகாவில், ஆர்.பி. லைப்சிக் அணி சொந்த மண்ணில் ஆடும் முதல் ஆட்டம். எதிரணி, போருசியா டோர்ட்மண்ட். 88 நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. 89ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆலிவர் பர்க் பந்தைக் கொடுக்க, அவரைப் போலவே பெஞ்சிலிருந்து வந்த நபி கெய்ட்டா அதை வலைக்குள் தள்ளினார். 1-0. ஜெர்மனியின் பெரிய அணிகளில் ஒன்றை ஒரு புதுமுகம் வீழ்த்திவிட்டது. டோர்ட்மண்டின் தீவிர ரசிகர் குழுக்கள் அந்தத் தோல்வியை நேரில் பார்க்கவில்லை. லைப்சிக் என்ற கிளப்பையே ஏற்க முடியாது என்று சொல்லி, அந்தப் பயணத்தைப் புறக்கணித்திருந்தார்கள்.

அந்த சீசனின் மொத்தக் கதையும் இந்த இரண்டு விஷயங்களுக்குள்தான் இருக்கிறது. களத்தில் 34 ஆட்டம், 20 வெற்றி, 7 டிரா, 7 தோல்வி, 67 புள்ளி. பேயர்ன் மியூனிக்குக்கு அடுத்த இடம், நேரடியாக சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. களத்துக்கு வெளியே, ஊர் ஊராகக் கண்டனப் பதாகைகள், புறக்கணிப்பு, சில இடங்களில் கல்வீச்சு. ஐ.பி.எல்., ஐ.எஸ்.எல். பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கோபம் சட்டென்று பிடிபடாது. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எட்டு அணிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவைதான். ஒரு கம்பெனி பணம் போட்டு அணி தொடங்கினால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை; நம்ம ஊருக்கு ஒரு டீம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவோம். லைப்சிக் மக்களும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஏன் கொதித்தார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லைப்சிக் ஒன்றும் கால்பந்து தெரியாத ஊர் அல்ல. ஜெர்மன் கால்பந்து சங்கம் 1900இல் உருவானதே அந்த ஊரில்தான். 1903இல் நடந்த முதல் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றது வி.எஃப்.பி. லைப்சிக். கிழக்கு ஜெர்மனி காலத்தில் லோகோமோட்டிவ் லைப்சிக் 1987இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், அயாக்ஸிடம் ஒரே கோலில் தோற்றது. சரிவு வந்தது இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகுதான். கிழக்கின் நல்ல ஆட்டக்காரர்கள் மேற்குக் கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்பான்சர் செய்யக்கூடிய பெரிய கம்பெனிகள் கிழக்கில் இல்லை. லைப்சிக் நகரத்துக்கு 1993-94இல் ஒரே ஒரு புண்டஸ்லிகா சீசன் கிடைத்தது. அதிலும் கடைசி இடம்.

2006 உலகக் கோப்பைக்காக அங்கே நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கைகள் கொண்ட புது ஸ்டேடியம் கட்டினார்கள். ஒரு லட்சம் பேர் கூடிய பழைய ஸ்டேடியத்தின் மண்மேடுகளை இடிக்காமல், அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே புதியதை எழுப்பினார்கள். இன்றைக்கும் ரசிகர்கள் முதலில் பழைய மேட்டில் ஏறி, பாலம் வழியாகப் புது அரங்கத்துக்குள் போகிறார்கள். உலகக் கோப்பை முடிந்ததும் அந்த அரங்கத்தை நிரப்ப ஊரில் அணி இல்லை. பெர்லினை விட்டுவிட்டால், முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் இருந்த ஒரே உலகக் கோப்பை மைதானம் அது. ஆடுவதற்கோ கீழ் டிவிஷன் கிளப்புகள்தான். 2009இல் எனர்ஜி காட்பஸ் தரமிறங்கியதோடு, கிழக்கிலிருந்து புண்டஸ்லிகாவில் ஒரு கிளப்கூட மிச்சமில்லை.

ஆஸ்திரியாவின் பான நிறுவனமான ரெட் புல் அங்கே நுழைந்ததும் அதே 2009இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சாக்சன் லைப்சிக் என்ற உள்ளூர் கிளப்பை எடுக்க முயன்று, ரசிகர்களின் எதிர்ப்பாலும் கால்பந்து சங்கத்தின் மறுப்பாலும் அது நடக்கவில்லை. இந்த முறை வேறு வழி. பக்கத்துச் சிற்றூரான மார்க்ரான்ஷ்டெட்டின் கிளப்பிடமிருந்து ஐந்தாம் டிவிஷனில் ஆடும் உரிமத்தை மட்டும் வாங்கினார்கள். கிளப்பின் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் 'ராசன்பால்ஸ்போர்ட்' என்று ஒரு பெயரைப் புனைந்தார்கள், சுருக்கினால் ஆர்.பி. எதற்காக அந்த இரண்டு எழுத்து என்று ஜெர்மனியில் ஒரு குழந்தைக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயரை விடப் பெரிய விவகாரம் ஓட்டுரிமை. ஜெர்மன் கால்பந்தில் '50+1' என்று ஒரு விதி உண்டு. கிளப் தன் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக மாற்றிக்கொள்ள 1998இல் அனுமதி கிடைத்தபோது, கூடவே வந்த நிபந்தனை அது. முதலீட்டாளர் எத்தனை கோடி போட்டாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் கிளப்பின் கையில் இருக்க வேண்டும். கிளப் என்றால் உறுப்பினர்கள்: சந்தா கட்டி, பொதுக்குழுவுக்கு வந்து, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண ரசிகர்கள். பேயர்னுக்கு அப்போதே அப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். டோர்ட்மண்டிலும் லட்சத்தைத் தாண்டியிருந்தது. லைப்சிக்கில் வாக்குரிமை இருந்தவர்கள் அப்போது இருபது பேர்கூடக் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் ரெட் புல்லோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள். 2014இல் அணியைத் தனி நிறுவனமாக்கியபோது பங்குகளில் 99 சதவீதம் ரெட் புல்லிடம், வாக்குப் பெரும்பான்மை கிளப்பிடம். காகிதத்தில் விதி மீறப்படவில்லை. கிளப்பே ரெட் புல்லின் கைக்குள் இருக்கும்போது அந்தப் பெரும்பான்மைக்கு என்ன அர்த்தம்?

அதனால்தான் 'மற்றவர்களிடமும்தான் பணம் இருக்கிறது' என்ற பதில் அங்கே எடுபடவில்லை. லெவர்குசன் அணிக்குப் பின்னால் பேயர் மருந்துக் கம்பெனி, வோல்ஃப்ஸ்புர்குக்குப் பின்னால் ஃபோக்ஸ்வேகன் என்பது ஊரறிந்தது. அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆதரித்தவர்கள் என்பதால் வெளிப்படையாக விதிவிலக்கு வாங்கியவர்கள். லைப்சிக் விதிவிலக்கே கேட்கவில்லை, விதியின் ஓட்டை வழியாக வந்தது. 2014இல் இரண்டாம் டிவிஷனுக்கு உயர்ந்தபோது லீக் நிர்வாகம் உரிமம் தர யோசித்து, சின்னத்தை மாற்று, நிர்வாகக் குழுவில் ரெட் புல் ஆட்களைக் குறை, உறுப்பினர் சேர்க்கையை எளிதாக்கு என்றெல்லாம் நிபந்தனை போட்டது. சின்னம் கொஞ்சம் மாறியது, ரெட் புல்லின் காளைகள் அதிலிருந்து போகவில்லை. அந்த ஆண்டு பெர்லினில் யூனியன் ரசிகர்கள் கறுப்புப் பிளாஸ்டிக் அங்கி போர்த்திக்கொண்டு முதல் 15 நிமிடம் ஒரு சத்தமும் எழுப்பாமல் நின்றார்கள். லைப்சிக்குக்கு எதிராக நடந்த போராட்டங்களில் எனக்கு மரியாதை உள்ளது அதுதான். கூச்சல் போடுவதற்கே வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை.

சரி, பணத்தால் வாங்கிய வெற்றிதானே என்று முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. பணம் மட்டுமே போதுமென்றால் 2010 முதல் 2013 வரை மூன்று சீசன் நான்காம் டிவிஷனிலேயே சிக்கிக் கிடந்திருக்க மாட்டார்கள். அந்த டிவிஷனில் அவர்களுக்கு நிகரான பட்ஜெட் யாருக்கும் இல்லை. ஆனாலும் முதல் இரண்டு முறை மேலே ஏற முடியவில்லை. மாற்றம் வந்தது 2012இல், ரால்ஃப் ராங்னிக் விளையாட்டு இயக்குநராக வந்த பிறகு. அதன்பின் 2013இல் மூன்றாம் டிவிஷன், 2014இல் இரண்டாவது, 2016இல் முதலாவது.

ராங்னிக் பெயர் போன நட்சத்திரங்களை வாங்கவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களாகப் பார்த்து வாங்கினார். டென்மார்க்கின் லூங்பி கிளப்பிலிருந்து யூசுஃப் பவுல்சன் வந்து சேர்ந்தபோது லைப்சிக் மூன்றாம் டிவிஷனில் இருந்தது. டொமினிக் கைசர் நான்காம் டிவிஷன் நாட்களிலேயே வந்துவிட்டவர். புண்டஸ்லிகாவில் ஹோஃபன்ஹைமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கிளப்பின் முதல் கோலை அடித்தவரும் அவர்தான். ஆடுமுறையையும் ராங்னிக் எல்லாருக்கும் ஒன்றாகவே வைத்தார். பந்தை இழந்தால் எட்டு விநாடிக்குள் திரும்பப் பறிக்க வேண்டும். பறித்தால் பத்து விநாடிக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும். இதைப் பழக்குவதற்கென்றே ஒரு கடிகாரம் செய்யச் சொல்லி வாங்கி, பயிற்சி மைதானத்தில் வைத்தார். பயிற்சியாளர் அதைத் தட்டிவிட்டால் 'டிக் டிக்' என்று ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். இதே பாணியை ரெட் புல்லின் இன்னொரு கிளப்பான சால்ஸ்புர்கிலும் ஆடினார்கள். எனவே அங்கிருந்து வந்த நபி கெய்ட்டாவுக்கு லைப்சிக்கில் பாடம் எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டு கிளப்புகளுக்கும் இடையே ஆட்டக்காரர்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பதற்கு மார்செல் சாபிட்சர் ஓர் உதாரணம். அவர் ராப்பிட் வியன்னாவில் ஆடிக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட தொகை கொடுத்தால் அவரை விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து; ஆனால் அது வெளிநாட்டுக் கிளப்புக்கு மட்டும். ஆஸ்திரியக் கிளப்பான சால்ஸ்புர்க் அந்த வழியில் அவரை வாங்க முடியாது. 2014இல் லைப்சிக் வாங்கியது. வாங்கிய கையோடு ஒரு சீசனுக்குக் கடனாக அனுப்பிய இடம், சால்ஸ்புர்க். வியன்னாவில் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். சட்டப்படி எல்லாம் சரி, அதுதான் எரிச்சலே.

2016 கோடையில் ராங்னிக் பயிற்சியாளர் பொறுப்பை விட்டு இயக்குநர் பதவியோடு நின்றுகொண்டார். பயிற்சியாளராக வந்தவர் ஆஸ்திரியக்காரர் ரால்ஃப் ஹாசன்ஹூட்டில். அதற்கு முந்தைய சீசனில்தான் இங்கோல்ஷ்டாட் என்ற சின்னக் கிளப்பை அதன் முதல் புண்டஸ்லிகா ஆண்டில் 11ஆவது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். புதுமுக அணி முதல் ஆண்டில் எங்கே தடுக்கி விழும் என்று அப்போதுதான் பார்த்துவிட்டு வந்தவர். கோல் அடிக்க வாங்கியது, தரமிறங்கிய ஷ்டுட்கார்ட்டிலிருந்து டிமோ வெர்னரை, வயது இருபது. அவர் அந்த சீசனில் 21 கோல் அடித்தார். அதற்கு முன் அவரை யாரும் அந்த அளவுக்கு மதிப்பிட்டதில்லை. இடப்பக்கம் ஸ்வீடன்காரர் எமில் ஃபோர்ஸ்பெர்க், கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள் மட்டும் 19.

எதிரணி தன் தடுப்பு வரிசையிலிருந்து பந்தை நிதானமாக எடுத்து வரப் பார்க்கும். இரண்டு ஸ்ட்ரைக்கர்களும், அவர்களுக்குப் பின்னால் உள்ள இருவரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். ஓரத்தைத் திறந்து விட்டதுபோலத் தெரியும். பந்து அங்கே போன உடனே அந்த மூலையில் மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். பந்து கைமாறும் கணத்தில் எதிரணி ஆட்டக்காரர்கள் சிதறி நிற்பார்கள். வெர்னரின் ஓட்டத்துக்கு அந்த இடைவெளி போதும். சீசன் தொடங்கி முதல் 13 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. லீகுக்கு அறிமுகமாகும் ஓர் அணி இப்படித் தொடங்கியதில்லை. நவம்பரில் லெவர்குசனை அதன் ஊரிலேயே 3-2 என்று வென்று பட்டியலின் உச்சிக்குப் போனார்கள். கடைசியில் அந்தத் தொடரை முறித்தது, பட்டியலின் அடியில் கிடந்த இங்கோல்ஷ்டாட். ஹாசன்ஹூட்டிலின் பழைய அணி, 1-0.

புகழ்பாடும் கட்டுரைகள் பல விட்டுவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அந்த ஆண்டு லீகில் மேல்தட்டு கலைந்து கிடந்தது. டோர்ட்மண்ட் அந்தக் கோடையில் ஹும்மல்ஸ், குண்டோகன், மிகிதாரியன் மூவரையும் இழந்திருந்தது. ஷால்கே 10ஆவது, லெவர்குசன் 12ஆவது. வோல்ஃப்ஸ்புர்க் 16ஆவது இடத்துக்குப் போய்த் தரமிறங்காமல் தப்பிக்கத் தனியாகப் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. லைப்சிக்கோடு சேர்ந்து மேலே வந்த ஃப்ரைபுர்க்கே ஏழாவது இடம் பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த கிளப்புக்குப் பின்னால் எந்தப் பான நிறுவனமும் இல்லை.

இன்னொன்று ஓய்வு. ஐரோப்பியப் போட்டி கிடையாது. ஜெர்மன் கோப்பையிலோ முதல் சுற்றிலேயே இரண்டாம் டிவிஷன் அணியான டைனமோ ட்ரெஸ்டனிடம் பெனால்ட்டியில் தோற்று வெளியேறிவிட்டார்கள். (ட்ரெஸ்டன் பக்கம் இருந்து யாரோ வெட்டிய காளைத் தலையொன்றை மைதான ஓரத்தில் வீசியது அந்த ஆட்டத்தில்தான்.) ஆக, முழு சீசனுக்கும் 35 போட்டி ஆட்டங்கள் மட்டுமே. விடாமல் ஓடிப் பறிக்கும் ஆட்டத்துக்கு வாரம் முழுக்க ஓய்வும் பயிற்சியும் கிடைப்பது எவ்வளவு பெரிய வரம் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார்.

ராங்னிக்குக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 2008-09இல் அவர் பயிற்சியளித்த ஹோஃபன்ஹைமும் இதேபோல் புதுமுகம்தான், இதேபோல் பணக்காரர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்ததுதான். பாதி சீசன் முடிந்தபோது பட்டியலில் முதலிடம். 17 ஆட்டங்களில் 18 கோல் அடித்திருந்த வெடாட் இபிசெவிச்சுக்கு ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இரண்டாம் பாதியில் அணி சரிந்து ஏழாவது இடத்தில் முடித்தது. லைப்சிக்கும் டிசம்பரில் பேயர்னிடம் அடி வாங்கியது. ஃபோர்ஸ்பெர்க் அரை மணி நேரத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, 3-0. ஹோஃபன்ஹைம் கதை திரும்புகிறது என்று பலர் எழுதினார்கள். திரும்பவில்லை. ஒருவர் போனாலும் அதே வேலையைச் செய்ய இன்னொருவர் தயாராக இருந்தார். பணம் உண்மையில் வேலை செய்த இடம் அந்த பெஞ்ச்தான். ஏறக்குறைய ஒன்றரை கோடி யூரோ கொடுத்து வாங்கிய பர்க் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர். மேலே வரும் வேறு எந்தப் புது அணி அந்த விலையில் ஒருவரை வாங்கி உட்கார வைக்கும்?

மே மாதம் அதே பேயர்னோடு சொந்த ஊரில் ஆடியதுதான் சீசனின் அசல் முகம் என்பேன். 84ஆவது நிமிடம் வரை லைப்சிக் 4-2 என முன்னிலை. முடிவு 4-5, கடைசி கோலை ராபன் கூடுதல் நேரத்தில் அடித்தார். பந்தைத் தக்கவைத்து ஆட்டத்தை ஆற வைக்க அந்த அணிக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே வேகம்.

வெறுப்பும் அதே வேகத்தில் வளர்ந்தது. செப்டம்பரில் கொலோன் ரசிகர்கள் சாலையில் உட்கார்ந்து லைப்சிக் பேருந்தை மறித்ததில் ஆட்டம் 15 நிமிடம் தாமதமானது. டிசம்பரில் ஷால்கேவுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் வெர்னர் கோல்கீப்பர் முன்னால் விழுந்தார், பெனால்ட்டி கிடைத்தது. யாரும் அவரைத் தள்ளவில்லை என்பது ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப்பின் எந்த ஊருக்குப் போனாலும் வெர்னருக்கு ஊளை. தேசிய அணிக்கு ஆடியபோதும் சொந்த நாட்டு ரசிகர்களே கத்தினார்கள். அவர் செய்தது தப்பு. ஆனால் அன்றைக்கு விழுந்தவர் வேறு சட்டை போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

2017 பிப்ரவரி 4, டோர்ட்மண்ட். களத்தில் டோர்ட்மண்ட் 1-0 என்று வென்றது. வெளியே லைப்சிக் ரசிகர்கள் மீது கல்லும் பாட்டிலும் பறந்தன, குழந்தைகளோடு வந்தவர்கள் உட்பட. பலர் காயம்பட்டார்கள். அரங்கத்துக்குள் தெற்கு ஸ்டாண்டில் தொங்கிய சில பதாகைகளின் வாசகங்கள் அச்சில் ஏற்றத்தக்கவை அல்ல. கால்பந்து சங்கம் ஒரு லட்சம் யூரோ அபராதம் விதித்தது. சுமார் 25,000 பேர் நிற்கும் அந்த ஸ்டாண்டை ஓர் ஆட்டத்துக்கு மூடியது. 50+1க்காகப் பல ஆண்டுகள் பேசிவந்தவர்களின் நியாயம் அந்த ஒரே மாலையில் அடிபட்டுப் போனது. உறுப்பினர் உரிமையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த நாடு, லைப்சிக் குடும்பங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. ரெட் புல்லின் விளம்பரத் துறை எவ்வளவு செலவு செய்தாலும் அப்படி ஒரு அனுதாபத்தை வாங்கியிருக்க முடியாது.

லைப்சிக் ஊர்க்காரர்கள் கணக்கு வேறு. சராசரியாக 41,000 பேருக்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார்கள்; அரங்கம் ஏறக்குறைய முழுசாக நிறைந்தது. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்த ஊர். பொதுக்குழுவில் ஓட்டுப்போட முடியவில்லையே என்று அவர்களில் எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள்? அந்த உரிமை இருந்த பழைய உள்ளூர் கிளப்புகள் கடனில் மூழ்கி ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலானதையும் பார்த்தவர்கள்தானே அவர்கள். மேற்கிலிருந்து வரும் பாரம்பரியம் பற்றிய போதனை அவர்கள் காதில் வேறுமாதிரி விழுந்ததில் வியப்பில்லை.

சீசன் முடிந்ததும் புதுச் சிக்கல் ஒன்று எழுந்தது. ஒரே உரிமையாளரின் இரண்டு கிளப்புகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக் கூடாது. லைப்சிக், சால்ஸ்புர்க் இரண்டுமே தகுதி பெற்றிருந்தன. 2017 ஜூனில் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இரண்டையும் அனுமதித்தது. நிர்வாகத்திலும் நிதியிலும் போதிய அளவு பிரித்துவிட்டார்கள் என்பது அதன் முடிவு. ராங்னிக் கூடவே வகித்துவந்த சால்ஸ்புர்க் பொறுப்பை 2015லேயே விட்டிருந்தார்.

2017-18இல் லைப்சிக் சாம்பியன்ஸ் லீக் பிரிவில் மூன்றாவதாக வந்து, அங்கிருந்து அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீகுக்கு மாறி, கால் இறுதியில் மார்செய்யிடம் தோற்றது. மொத்தம் 48 ஆட்டங்கள். முந்தைய ஆண்டை விடப் 13 கூடுதல். அதே பயிற்சியாளர், அதே பாய்ந்து பறிக்கும் பாணி, பெரும்பாலும் அதே ஆட்கள். புண்டஸ்லிகாவில் வாங்கிய கோல்கள் 39இலிருந்து 53 ஆயின, புள்ளிகள் 67இலிருந்து 53 ஆகக் குறைந்தன, ஆறாவது இடம். சீசன் முடிந்ததும் ஹாசன்ஹூட்டில் விலகினார். கெய்ட்டா முன்பே பேசி முடித்திருந்தபடி லிவர்பூலுக்குப் போனார்.